சார்ஜ்பேக் கடிதம் வந்துவிட்டதா? கடைக்காரர் செய்ய வேண்டியதும் செய்யக் கூடாததும்

கோத்தா கோலா மூடா: மூடா ஆறு கடலில் கலக்கும் இடத்தில், தென்கரையில், பினாங்கு எல்லைக்குள் இருக்கிறது ‘பாசார் பீசிக்’ மீன் சந்தை. மீன் எடுக்க வந்தவர் தன் விலையை விற்பவரின் காதில் மெல்லச் சொல்வார். அதிக விலை சொன்னவருக்கு மீன் போகும். வியாபாரம் அந்த நிமிடத்தோடு முடிந்துவிடும்.

கடன் பற்று அட்டை வியாபாரம் அப்படி முடிவதில்லை. பொருள் போய்ச் சேர்ந்து, பணம் வங்கிக் கணக்கில் விழுந்து, இரண்டு மாதம் கழித்தும் அந்தப் பணம் திரும்ப எடுக்கப்படலாம். “இந்த அட்டையை நான் பயன்படுத்தவில்லை” என்று அட்டைதாரர் தம் வங்கியிடம் ஒரு வரி எழுதிக் கொடுத்தாலே விசாரணை தொடங்கிவிடும். இதைத்தான் ‘சார்ஜ்பேக்’ என்கிறார்கள்.

கோத்தா கோலா மூடாவிலும் சுங்கைப்பட்டாணி, பீடோங், தீக்காம் பத்து வட்டாரங்களிலும் வீட்டிலிருந்தே சேலை, நகை, பலகாரம் விற்பவர்கள், ஹோம்ஸ்தே நடத்துபவர்கள், கேட்டரிங் எடுப்பவர்கள் எனப் பலரும் இப்போது லிங்க் அனுப்பி அட்டையில் பணம் வாங்குகிறார்கள். அவர்களில் பலருக்கு முதல் சார்ஜ்பேக் கடிதம் வரும்போதுதான் இப்படி ஒரு விதி இருப்பதே தெரிய வருகிறது. கடிதம் வந்த பிறகு என்ன செய்யலாம், அது வருவதற்கு முன் எதை எடுத்து வைத்திருக்க வேண்டும் என்பதை இங்கே வரிசையாகப் பார்ப்போம்.

ஒரு சேலையின் கணக்கு

480 ரிங்கிட்டுக்கு வாங்கிய பட்டுச் சேலையை 600 ரிங்கிட்டுக்கு விற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். லாபம் 120. சார்ஜ்பேக் வந்தால் 600 ரிங்கிட்டும் திரும்பப் போகும், சேலையும் போய்விட்டது. ஆக, கையைக் கடிக்கும் நட்டம் 480 ரிங்கிட். அதோடு கூரியர் செலவும் வங்கி விதிக்கும் சார்ஜ்பேக் கட்டணமும் சேரும். சேலைக்குப் போட்ட முதலை மீட்கவே இன்னும் நான்கு சேலைகளை விற்க வேண்டும். தீபாவளிச் சமயத்தில் இப்படி இரண்டு மூன்று வந்தால் அந்தப் பருவத்தின் லாபமே கரைந்துவிடும்.

சார்ஜ்பேக் எப்படி நடக்கிறது?

இதில் நான்கு தரப்பினர் இருக்கிறார்கள்: அட்டைதாரர், அவருக்கு அட்டை கொடுத்த வங்கி, கடைக்காரரான நீங்கள், உங்களுக்கு அட்டை இயந்திரமோ லிங்க்கோ கொடுத்த வங்கி அல்லது கட்டணச் சேவை நிறுவனம். நடுவில் விசா, மாஸ்டர்கார்ட் போன்ற அட்டை நிறுவனங்களின் விதிகள்.

அட்டைதாரர் தம் வங்கியில் முறையிடுகிறார். அந்த வங்கி, அட்டை நிறுவனத்தின் வழியாக உங்கள் வங்கியிடம் பணத்தைத் திரும்பக் கேட்கிறது. உங்கள் வங்கி உங்கள் கணக்கில் பிடித்துக்கொண்டு, “உங்களுக்கு மறுப்பு உண்டா, ஆதாரம் உண்டா?” என்று கேட்டு எழுதுகிறது. பணம் முதலில் போய்விடும், விளக்கம் பிறகுதான் கேட்கப்படும். இது உங்களைக் குற்றவாளி ஆக்கும் தீர்ப்பு அல்ல. பதில் சொல்ல உங்களுக்குக் கிடைத்திருக்கும் தவணை.

மோசடிப் புகாரைப் பொதுவாக 120 நாள்களுக்குள் எழுப்பலாம். “பொருள் வந்து சேரவில்லை” என்ற புகாரில் நாள் கணக்கு, பொருள் வந்திருக்க வேண்டிய நாளிலிருந்து தொடங்கும். ஆறு மாதத்துக்கு முன்பே முன்பணம் வாங்கும் ஹோம்ஸ்தே, திருமணக் கேட்டரிங் போன்ற தொழில்களில் இருப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். பணம் வாங்கிய நாள் பழையதாகிவிட்டது என்று நிம்மதி அடைய முடியாது.

நட்டம் யார் தலையில் விழும்?

மலேசியா 2005இல் கடன் பற்று அட்டைகளைக் காந்தப் பட்டையிலிருந்து ‘சிப்’புக்கு மாற்றியது. 2017 ஜூலை 1 முதல் கையொப்பத்துக்குப் பதிலாக 6 இலக்கப் பின் எண் கட்டாயமானது. இதனால் கடையில் நேருக்கு நேர் நடக்கும் போலி அட்டை மோசடிக்கு வழி அடைபட்டது. அட்டையை நேரில் காட்டத் தேவையில்லாத இணைய விற்பனையின் பக்கம் திருடர்கள் திரும்பினார்கள்.

அட்டை விவரங்கள் உங்கள் கடையில்தான் கசிய வேண்டும் என்றில்லை. 2022 ஆகஸ்டில், நாட்டின் முக்கியக் கட்டணச் சேவை நிறுவனங்களுள் ஒன்றான ஐபே88, தன் கணினிக் கட்டமைப்பில் ஊடுருவல் நடந்ததாகவும் அட்டை விவரங்கள் கசிந்திருக்கக்கூடும் என்றும் அறிவித்தது. எங்கோ கசிந்த எண், கோத்தா கோலா மூடாவில் ஒரு சேலைக்குக் கட்டணமாக வரலாம்.

பொறுப்பு யாருக்கு என்பது பெரும்பாலும் இப்படித்தான் பிரிகிறது:

• சிப் அட்டையை இயந்திரத்தில் செருகி, பின் எண் அழுத்தி நடந்த விற்பனை: மோசடி என்றாலும் பொதுவாக நட்டம் அட்டை கொடுத்த வங்கிக்கு.

• பின் எண் இல்லாமல் 250 ரிங்கிட் வரை ‘தட்டி’ச் செலுத்துவது: இயந்திரம் முறையாக ஒப்புதல் தந்திருந்தால் இதுவும் பெரும்பாலும் அட்டை கொடுத்த வங்கியின் பொறுப்பு.

• இணையத்தில், அட்டைதாரரின் வங்கி ஓடிபி அல்லது செயலி மூலம் உறுதி கேட்கும் ‘3டி செக்யூர்’ முறை: உறுதிப்படுத்தல் வெற்றியாக நடந்திருந்தால், மோசடிப் புகாருக்கான பொறுப்பு பொதுவாக அட்டை கொடுத்த வங்கிக்கு மாறும்.

• 3டி செக்யூர் இல்லாத இணைய விற்பனை, தொலைபேசியில் அட்டை எண் கேட்டு இயந்திரத்தில் கையால் தட்டிய விற்பனை: நட்டம் கடைக்காரருக்கு.

கடைசி வரியைத்தான் பலர் கவனிக்கத் தவறுகிறார்கள். ‘அப்ரூவ்ட்’ என்று இயந்திரம் காட்டினால் பணம் உறுதி என்று நினைக்கிறோம். அட்டையில் பணம் இருக்கிறது, அட்டை முடக்கப்படவில்லை என்பதற்கு மட்டுமே அது ஒப்புதல். அட்டையைக் கொடுத்தவர் அதன் உரிமையாளர்தானா என்பதற்கு அல்ல.

எந்தெந்த வழியில் வருகிறது?

முதலாவது, உண்மையான திருட்டு. திருடிய எண்ணில் விலை உயர்ந்த பொருள், அவசர டெலிவரி. விலை பேச மாட்டார், நிறம், அளவு எதையும் கேட்க மாட்டார். முதல் அட்டை நிராகரிக்கப்பட்டால் உடனே வேறு அட்டை, அதுவும் வேறு பெயரில்.

இரண்டாவது, ‘மிச்சத்தை அனுப்பு’ வித்தை. கேட்டரிங், ஹோம்ஸ்தே நடத்துபவர்கள் கவனிக்க வேண்டியது இது. 3,000 ரிங்கிட் வேலைக்கு 5,000 ரிங்கிட் அட்டையில் எடுத்துக்கொள்ளுங்கள், மிச்சம் 2,000ஐ என் பஸ்காரருக்கு வங்கி வழி அனுப்பிவிடுங்கள் என்பார். நீங்கள் அனுப்பிய 2,000 உங்கள் சொந்தப் பணம். பிறகு 5,000க்கும் சார்ஜ்பேக் வரும். அட்டையில் வந்த பணத்தை அதே அட்டைக்குத்தான் திருப்பித் தர வேண்டும். இந்த ஒரு விதியைக் கடைப்பிடித்தால் இந்த மோசடி உங்களிடம் செல்லாது.

மூன்றாவது, உண்மையான வாடிக்கையாளரே எழுப்பும் புகார். மகன் அம்மாவின் அட்டையில் வாங்கியிருப்பான். அல்லது வங்கிக் கணக்கு அறிக்கையில் வந்த பெயர் அவருக்குப் புரிந்திருக்காது. கடைப் பலகையில் ஒரு பெயர், எஸ்எஸ்எம் பதிவில் வேறு பெயர் என்று இருந்தால், அட்டை அறிக்கையில் பதிவுப் பெயர்தான் வரக்கூடும். “இது யாரென்றே தெரியவில்லையே” என்று அவர் வங்கிக்குப் போன் போடுவதில் வியப்பில்லை. சிலர் பொருளை வைத்துக்கொண்டே வேண்டுமென்றும் செய்வதுண்டு.

மூன்றுக்கும் பதில் ஒன்றல்ல. முதல் வேலை, வந்திருப்பது எது என்று பிரித்துப் பார்ப்பதுதான்.

கடிதம் வந்த நாளில் செய்ய வேண்டியவை

1. தவணைத் தேதியைக் குறியுங்கள். விசா விதியில் பொதுவாக 30 நாள், மாஸ்டர்கார்டில் 45 நாள் என்பார்கள். ஆனால் அது வங்கிக்குரிய அவகாசம். வங்கி தன் வேலைக்கு நாள் ஒதுக்கிக்கொண்டு, உங்களுக்குக் குறைவாகத்தான் தரும். கடிதத்தில் உள்ள தேதியே உங்கள் தேதி. ஒரு நாள் தாமதித்தாலும் நல்ல ஆதாரம் செல்லாமல் போகும். மின்னஞ்சலின் குப்பைப் பகுதியையும் வாரம் இருமுறை பாருங்கள். பலருடைய கடிதம் அங்கேயே கிடந்து தவணை தாண்டிவிடுகிறது.

2. பொருள் போய்விட்டதா என்று பாருங்கள். இன்னும் அனுப்பவில்லை என்றால் நிறுத்துங்கள். வழியில் இருந்தால் கூரியர் நிறுவனத்தை அழைத்துத் திருப்பக் கேளுங்கள்.

3. காரண எண்ணைப் படியுங்கள். விசாவில் 10இல் தொடங்கும் எண்கள் மோசடிப் புகார். 10.4 என்றால் அட்டையை நேரில் காட்டாத விற்பனையில் மோசடி. 13இல் தொடங்குபவை வாடிக்கையாளர் குறை: 13.1 பொருள் வரவில்லை, 13.3 சொன்னபடி இல்லை. மாஸ்டர்கார்டில் 4837 என்றால் அட்டைதாரர் அனுமதிக்கவில்லை, 4853 என்றால் பொருள் அல்லது சேவை பற்றிய குறை.

இந்த எண்தான் எந்த ஆதாரம் வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. “நான் வாங்கவே இல்லை” என்ற புகாருக்கு, “தரமான சேலைதான் அனுப்பினேன்” என்று படம் அனுப்புவதில் பயன் இல்லை. கேட்ட கேள்விக்குத்தான் பதில் வேண்டும்.

4. வாடிக்கையாளரிடம் ஒருமுறை பேசுங்கள். பழகியவர் என்றால் மரியாதையாக வாட்ஸ்ஆப்பில் கேளுங்கள். “அக்கா, மார்ச் மாதம் வாங்கிய சேலைக்கு வங்கியிலிருந்து கேள்வி வந்திருக்கிறது, நீங்கள்தானே வாங்கினீர்கள்?” என்ற ஒரு வரி போதும். மகன் வாங்கியது என்று அப்போதுதான் நினைவு வரும். அவர் புகாரை மீட்டுக்கொள்ள ஒப்புக்கொண்டால், தம் வங்கியிடம் எழுத்தில் தெரிவித்து, அதன் நகலை உங்களுக்குத் தரட்டும். அப்படியே நடந்தாலும் தவணைக்குள் நீங்கள் பதில் போட்டுவிடுங்கள். வாய்ச்சொல்லை நம்பிப் பதில் போடாமல் இருந்துவிடாதீர்கள்.

5. தனியாகப் பணத்தைத் திருப்பிக் கொடுக்காதீர்கள். சார்ஜ்பேக் வந்த பிறகு நீங்களும் ‘ரீஃபண்ட்’ கொடுத்தால் அதே பணம் இரண்டு முறை போகும். ஏற்கெனவே திருப்பிக் கொடுத்திருந்தால், அந்த ரசீதே உங்களுடைய சிறந்த ஆதாரம்.

மறுப்பதா, விட்டுவிடுவதா?

எல்லாவற்றுக்கும் மறுப்பு எழுதுவது வீரம் அல்ல. 3டி செக்யூர் இல்லை, புதிய வாடிக்கையாளர், பொருள் ஏதோ ஒரு முகவரிக்குப் போயிருக்கிறது, அட்டைதாரர் உண்மையிலேயே திருட்டுக்கு ஆளானவர். இப்படிப்பட்ட வழக்கில் மறுத்து வெல்வது அரிது. அங்கே ஏற்றுக்கொண்டு, போலீஸ் புகார் செய்துவிட்டு, எந்த இடத்தில் கதவு திறந்திருந்தது என்று பார்ப்பதே நல்லது.

கீழே உள்ளவற்றுள் ஒன்றாவது இருந்தால் மறுக்கலாம்:

• பின் எண் அல்லது 3டி செக்யூர் உறுதிப்படுத்தல் நடந்ததற்கான பதிவு.

• அதே வாடிக்கையாளர் முன்பும் வாங்கி, புகார் எதுவும் எழாத விற்பனைகள்.

• பொருள் கிடைத்த பின் வாடிக்கையாளரே அனுப்பிய செய்தி, படம்.

• ஏற்கெனவே திருப்பிக் கொடுத்த பணத்தின் ரசீது.

• அட்டைதாரரோ குடும்பத்தினரோ நேரில் வந்து பெற்றதற்கான கையொப்பம்.

இரண்டாவதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2023 ஏப்ரலில் விசா தன் ஆதார விதியைத் திருத்தியது. 10.4 புகாருக்கு, அதே அட்டையில் 120 நாள்களுக்கு முன்னும் 365 நாள்களுக்கு உள்ளும் நடந்த, மோசடிப் புகார் எழாத இரண்டு விற்பனைகளைக் காட்டலாம். அந்த இரண்டிலும், இப்போதைய விற்பனையிலும் இணைய முகவரியான ஐபி எண், கருவி அடையாளம், டெலிவரி முகவரி, வாடிக்கையாளர் கணக்கு ஆகியவற்றுள் இரண்டாவது ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போவதில் ஒன்று ஐபி எண்ணாகவோ கருவி அடையாளமாகவோ இருக்க வேண்டும். இவை பொருந்தினால் பொறுப்பு அட்டை கொடுத்த வங்கிக்கு மாறும். ஐபி எண்ணை நீங்கள் எழுதி வைத்திருக்க மாட்டீர்கள். உங்கள் கட்டணச் சேவை நிறுவனத்திடம் இருக்கும். கேட்டு வாங்குங்கள். வாடிக்கையாக வாங்குபவர்களை வைத்துத் தொழில் செய்பவருக்கு இது பெரிய துணை.

நம் ஊரில் ஆதாரம் தடுமாறும் இடங்கள்

தோட்ட முகவரி. லயத்து வீடுகளுக்குப் பல நேரம் கூரியர்காரர் நேராகப் போவதில்லை. பார்சல் காவல் சாவடியிலோ தோட்ட ஆபிசில் கிராணியிடமோ இருக்கும். டெலிவரி பதிவில் வாங்கியவர் பெயர் காவலர் பெயராக இருக்கும். “எனக்கு வரவில்லை” என்ற புகாருக்கு அந்தப் பதிவு போதாது. அதனால் ஆர்டர் எடுக்கும்போதே, “ஆபிசில் கொடுத்தால் போதுமா?” என்று கேட்டு, “போதும்” என்ற பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள்.

குரல் பதிவு. நம்மவர்கள் வாட்ஸ்ஆப்பில் பேசியே ஆர்டர் கொடுப்பார்கள். தமிழில் இரண்டு நிமிடம் பேசிய குரல் பதிவை வங்கி அதிகாரி கேட்டுப் புரிந்துகொள்ள முடியாது. பேசி முடித்ததும் நீங்களே சுருக்கமாக எழுதி அனுப்புங்கள்: “மயில்கழுத்து நிறச் சேலை ஒன்று, 600 ரிங்கிட், தோட்ட முகவரிக்கு, சரிதானே அக்கா?” அவர் “சரி” என்று எழுதினால் அதுவே ஆவணம். மறுப்புடன் அனுப்பும்போது தமிழ் உரையாடலின் கீழ் மலாயிலோ ஆங்கிலத்திலோ மொழிபெயர்ப்பு சேருங்கள்.

டெலிவரி ரசீது மட்டும். பொருள் அந்த முகவரிக்குப் போனது என்பதைத்தான் அது காட்டும். அட்டைதாரர்தான் வாங்கினார் என்பதைக் காட்டாது. 10.4, 4837 புகார்களுக்கு அதோடு வேறு ஓர் இணைப்பும் வேண்டும்.

பதில் கடிதம் எப்படி இருக்க வேண்டும்?

ஒரே பக்கம். கோபம் வேண்டாம், குடும்பக் கஷ்டமும் வேண்டாம். படிப்பவர் நாள் முழுக்க இதே போன்ற கோப்புகளைப் பார்ப்பவர். இந்த அமைப்பை மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதிக்கொள்ளலாம்:

பொருள்: சர்ச்சை எண் (…), தொகை 600 ரிங்கிட், காரண எண் 10.4. இந்தச் சார்ஜ்பேக்கை ஏற்கவில்லை.

1. விற்பனை: (தேதி) அன்று ஆர்டர் எண் (…) வழி ஒரு பட்டுச் சேலை விற்கப்பட்டது. ரசீது – இணைப்பு 1.

2. உறுதிப்படுத்தல்: அட்டைதாரரின் வங்கி 3டி செக்யூர் வழி உறுதிப்படுத்தியது. கட்டணச் சேவை நிறுவனத்தின் பதிவு – இணைப்பு 2.

3. முன் விற்பனைகள்: இதே அட்டை, இதே ஐபி எண், இதே முகவரியில் (தேதி), (தேதி) ஆகிய நாள்களில் நடந்த இரண்டு விற்பனைகளுக்குப் புகார் இல்லை – இணைப்பு 3.

4. ஒப்படைப்பு: (தேதி) அன்று ஒப்படைக்கப்பட்டது. கூரியர் பதிவு – இணைப்பு 4. பொருள் கிடைத்ததாக வாடிக்கையாளர் அதே நாள் எழுதிய செய்தி, மொழிபெயர்ப்புடன் – இணைப்பு 5.

கோரிக்கை: மேற்கண்ட ஆதாரங்களின்படி தொகையை எங்கள் கணக்கில் திரும்பச் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

உங்களிடம் இல்லாத வரியை நீக்கிவிடுங்கள். இல்லாததை எழுதாதீர்கள், ஒரு படத்தைக்கூடத் திருத்தாதீர்கள். ஒன்று பொய் என்று தெரிந்தால் மற்ற ஆதாரங்களும் நம்பிக்கை இழக்கும். எல்லா இணைப்பையும் எண் போட்டு ஒரே பிடிஎஃப் கோப்பாக்கி அனுப்புங்கள். கிடைத்தது என்ற பதிலை வங்கியிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அதன் பிறகு

உங்கள் மறுப்பை அட்டை கொடுத்த வங்கி ஏற்றால் பணம் திரும்பும். ஏற்காமல் புதிய ஆதாரம் காட்டினால் இரண்டாம் சுற்று வரும். அதிலும் தீராவிட்டால் அட்டை நிறுவனமே நடுவராக இருந்து முடிவு சொல்லும். அந்தக் கட்டத்தில் தோற்பவர் செலுத்தும் கட்டணம் சில நூறு அமெரிக்க டாலர் வரை போகலாம். 600 ரிங்கிட் சேலைக்கு அங்கே போவது கட்டுப்படியாகாது. இரண்டாம் சுற்றுக்கு முன் வங்கியிடம் செலவை எழுத்தில் கேளுங்கள்.

சார்ஜ்பேக் எண்ணிக்கையும் முக்கியம். விற்பனையோடு ஒப்பிடும்போது அது அதிகமானால் உங்கள் மீது கண்காணிப்பு வரும். வங்கி உங்கள் ஒப்பந்தத்தை ரத்து செய்து, மாஸ்டர்கார்டின் ‘மேட்ச்’ பட்டியலில் பெயரைச் சேர்த்தால், அது ஐந்து ஆண்டுகள் அங்கே இருக்கும். அதுவரை வேறு வங்கியிலும் அட்டை வசதி கிடைப்பது கடினம்.

போலீஸ், 997, குறைதீர்ப்பு

பொருளைப் பறிகொடுத்திருந்தால் அருகிலுள்ள காவல் நிலையத்தில் புகார் செய்யுங்கள். ஏமாற்றுதல் தண்டனைச் சட்டம் 420ஆவது பிரிவின்கீழ் வரும் குற்றம். ஆர்டர் செய்த எண், டெலிவரி முகவரி, உரையாடல் எல்லாவற்றையும் அச்செடுத்துக் கொண்டுபோங்கள். புகார் நகலை மறுப்புக் கடிதத்தோடு சேர்க்கலாம். ஆனால் அது மட்டுமே பணத்தைத் திருப்பித் தராது.

997 என்பது தேசிய மோசடி நடவடிக்கை மையத்தின் எண். 2022 அக்டோபரில் தொடங்கியது. உங்கள் கணக்கிலிருந்து மோசடிக்காரரின் கணக்குக்குப் பணம் போயிருந்தால் உடனே அழைக்க வேண்டிய எண் இது. மேலே சொன்ன ‘மிச்சத்தை அனுப்பு’ வித்தையில் சிக்கி 2,000 ரிங்கிட் அனுப்பிவிட்டவர் முதலில் இங்கேதான் அழைக்க வேண்டும். சாதாரணச் சார்ஜ்பேக் கடிதத்துக்கு இது பயன்படாது.

வங்கியின் மீதே குறை இருந்தால், அதாவது தவணைக்குள் கொடுத்த ஆதாரத்தை அனுப்பவில்லை, காரணம் சொல்லாமல் பிடித்தார்கள் என்றால், முதலில் அந்த வங்கியின் புகார்ப் பிரிவுக்கு எழுதி, எழுத்தில் முடிவு வாங்குங்கள். திருப்தி இல்லையென்றால் பேங்க் நெகாராவின் 1-300-88-5465 எண்ணில் ஆலோசனை கேட்கலாம். 2025 ஜனவரி முதல் எஃப்எம்ஓஎஸ் என்ற பெயரில் இயங்கும் நிதிச் சந்தைக் குறைதீர்ப்பு மையத்தையும் அணுகலாம். சிறு வணிகங்களின் புகாரையும் அது ஏற்கிறது. வங்கியின் இறுதி முடிவு வந்த ஆறு மாதத்துக்குள் போக வேண்டும்.

அடிக்கடி வரும் சில கேள்விகள்

டூயிட்நாவ் கியூஆர், எஃப்பிஎக்ஸ் வழி பணம் வாங்கினால் சார்ஜ்பேக் வருமா?
அவை பெரும்பாலும் வங்கிக் கணக்கிலிருந்து வரும் பணம். அட்டைச் சார்ஜ்பேக் விதி அவற்றுக்குப் பொருந்தாது. ஆனால் போலி ரசீதுப் படத்தைக் காட்டி ஏமாற்றுவது அங்கே உண்டு. படத்தை நம்பாமல், பணம் உங்கள் கணக்கில் வந்ததா என்று பார்த்த பிறகே பொருளைக் கொடுங்கள்.

பாதுகாப்புக்காக அட்டையின் இரு பக்கத்தையும் படம் எடுத்து வைக்கலாமா?
கூடாது. அட்டையின் பின்புறமுள்ள மூன்று இலக்க எண்ணை விற்பனை முடிந்த பின் வைத்திருப்பதை, அட்டைத் துறையின் பிசிஐ டிஎஸ்எஸ் பாதுகாப்பு விதி தடை செய்கிறது. அந்தப் படம் கசிந்தால் பழி உங்கள் மேல் வரும். அடையாள அட்டை நகலையும் தேவையின்றி வாங்காதீர்கள். 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது.

“பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது” என்று பலகை வைத்தால் போதுமா?
மோசடிப் புகாருக்கு அது பதிலே அல்ல. “சொன்னபடி இல்லை” என்ற புகாருக்கும் தானாகக் காப்பாற்றாது. நிபந்தனையை வாங்கும் முன்பே வாடிக்கையாளர் பார்த்து ஒப்புக்கொண்டதற்கான பதிவு இருந்தால்தான் மதிப்பு.

அடுத்த கடிதம் வருவதற்கு முன்

உங்கள் லிங்க்கில் 3டி செக்யூர் இயங்குகிறதா என்று இன்றே கட்டணச் சேவை நிறுவனத்திடம் கேளுங்கள். இல்லையென்றால் போடச் சொல்லுங்கள். அட்டை அறிக்கையில் வரும் பெயர் உங்கள் கடைப் பலகையின் பெயரோடு ஒத்திருக்கச் செய்யுங்கள். தொலைபேசியில் அட்டை எண் வாங்கிக் கையால் தட்டுவதை நிறுத்துங்கள். புதியவரின் பெரிய ஆர்டருக்கு ஒரு நாள் பொறுத்து, அவரை அழைத்துப் பேசிய பின் அனுப்புங்கள். ஆர்டர், ரசீது, கூரியர் எண், உரையாடல் நான்கையும் ஆர்டர் எண் போட்ட ஒரே கோப்பில் வைத்து, குறைந்தது பதினெட்டு மாதம் அழிக்காதீர்கள்.

தோட்டக் கடைகளில் கடன் எழுதிய 555 புத்தகம் பலருக்கு நினைவிருக்கும். சட்டைப் பையில் அடங்கும் அந்தச் சின்னப் புத்தகத்தில் தேதி, சாமான், தொகை மூன்றும் இருக்கும். கடைக்காரரிடம் ஒன்று, வாங்குபவரிடம் ஒன்று. மாதக் கடைசியில் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துத் தீர்ப்பார்கள். “நான் வாங்கவில்லை” என்ற பேச்சுக்கு அங்கே இடம் குறைவு. அட்டை விற்பனையில் அந்தப் புத்தகத்தை யாரும் நமக்காக எழுதுவதில்லை. இயந்திரம் துப்பும் சீட்டு சில மாதத்தில் வெளுத்துவிடும். இன்றிரவு கடையை மூடும் முன், இன்று அட்டையில் நடந்த விற்பனைகளை ஒரு பக்கத்தில் எழுதி, சீட்டுகளைக் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். ஐந்து நிமிட வேலைதான்.